பிழைத்தது எது: காஃப்காவை மொழிபெயர்த்த பிரீமோ லேவி

1980களின் தொடக்கத்தில் இத்தாலியின் தூரின் நகரத்துப் பதிப்பாளர் ஜூலியோ எய்னாவுதி ஒரு புதிய வரிசைக்குத் திட்டமிட்டார். எழுத்தாளர்களை எழுத்தாளர்களே மொழிபெயர்ப்பது அதன் நோக்கம். முதல் நூலாகக் காஃப்காவின் 'விசாரணை' நாவலைத் தேர்ந்தெடுத்துப் பிரீமோ லேவியிடம் கொடுத்தார். லேவி அதிகம் யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். அப்போது அவர் அறுபதைக் கடந்திருந்தார். பெயின்ட் தொழிற்சாலை வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மன் தெரியும், கையில் நேரமும் இருந்தது. நூல் 1983இல் வெளிவந்தது. அதையொட்டித் தந்த பேட்டிகளிலும் எழுதிய குறிப்பிலும் அவர் சொன்னது கேட்டவர்களைத் திகைக்க வைத்தது. நோயில் கிடந்து எழுந்தவனைப் போல இந்த வேலையிலிருந்து வெளியே வந்ததாகச் சொன்னார். புத்தகம் தன்னைத் தாக்கியதாகவும், அதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்ததாகவும் சொன்னார். அந்த ஆண்டு மே மாதம் வந்த ஒரு நாளிதழ்ப் பேட்டியின் தலைப்பே காஃப்காவை ஒரு தாக்குதல் என்றுதான் வருணித்தது.

திகைப்புக்குக் காரணம் இருந்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பி, அதைப் பற்றிக் குரல் உயர்த்தாமல், சாபமிடாமல், ஆய்வுக்கூட அறிக்கையின் நிதானத்தோடு எழுதியவர் லேவி. அந்த நடைக்குத் தன் முன்மாதிரி தொழிற்சாலைகளில் எழுதப்படும் வாராந்தர அறிக்கை என்று அவரே சொல்லியிருக்கிறார். உண்மையான நரகத்தை எழுதியபோது நடுங்காத கை, 1914க்கும் 1915க்கும் இடையில் ப்ராக் நகரத்துக் காப்பீட்டு அலுவலர் ஒருவர் கற்பனையில் எழுதிய நாவலைத் தொட்டதும் நடுங்கியது ஏன்?

இதற்கு இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. பழைய காயத்தைப் புத்தகம் கிளறிவிட்டது என்பது ஒன்று. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு தன் 3ஆம் பதிப்பில் உளக்காயத்தின் பின்விளைவுகளுக்கு ஒரு நோய்ப்பெயர் தந்தது. அதன் பிறகு இந்த விடை இன்னும் எளிதாகிவிட்டது: வாசகர் நோயாளி, புத்தகம் நோயைத் தூண்டிய பொருள். இன்னொன்று, இலக்கியம் ஆற்றும், துயரப்பட்டவர் துயரத்தின் கதையில் ஆறுதல் பெறுவார் என்பது. லேவிக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அவர் வெறுமனே நோய்ப்பட்டு ஒதுங்கிவிடவும் இல்லை. அந்த நாவலின் கடைசி வரிக்கு அவர் தந்த விளக்கத்தைப் போல ஒன்றைக் காஃப்கா அறிஞர்கள் எழுதிய நூல்களில் நான் கண்டதில்லை. புத்தகம் அவருக்கு எங்கே வலித்ததோ அங்கேதான் அந்த விளக்கம் பிறந்தது. அந்த இடத்துக்குப் போவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

*

முதலில் மொழி. லேவி வேதியியல் மாணவர். 1919இல் தூரினில் பிறந்து, யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் நடப்பிலிருந்தபோதே 1941இல் உயர்ந்த மதிப்பெண்ணோடு பட்டம் பெற்றார். வேதியியல் நூல்கள் ஜெர்மனில் இருந்ததால் அந்த மொழியைக் கொஞ்சம் படித்திருந்தார். 1944 பிப்ரவரி 22 அன்று ஃபோசோலி முகாமிலிருந்து புறப்பட்ட சரக்கு ரயிலில் அவரோடு 650 பேர் ஏற்றப்பட்டார்கள். ஆஷ்விட்ஸில் இறங்கிய இரவில் 96 ஆண்களும் 29 பெண்களும் மட்டுமே வேலைக்கென்று பிரித்தெடுக்கப்பட்டார்கள். மற்ற ஐந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூட இரண்டு நாள் கழித்து உயிரோடு இல்லை. லேவி இருந்த பெட்டியில் 45 பேர். வீடு திரும்பியவர்கள் 4 பேர்.

ஆஷ்விட்ஸைச் சேர்ந்த மோனோவிட்ஸ் முகாமில் அவர் 174517 என்ற எண் ஆனார். கட்டளை புரியாதவன் முதல் சில வாரங்களிலேயே செத்துவிடுவான் என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். அல்சாஸ் பகுதிக் கைதி ஒருவரிடம், கிடைத்த ரொட்டியில் பங்கு கொடுத்து, ஜெர்மன் பாடம் கேட்டார். பட்டினி கிடக்கும் மனிதன் ரொட்டியைக் கொடுத்துச் சொற்களை வாங்கினான் என்றால், அந்தச் சொற்களின் எடை வேறு. பிறகு செயற்கை ரப்பர் ஆலையின் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுத்தபோது, பான்விட்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் முன்னால் நின்று ஜெர்மனிலேயே கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறினார். குளிர்காலத்தைக் கூரையின் கீழே கழிக்க அதுவும் ஒரு காரணமாயிற்று. ஆகவே லேவியின் ஜெர்மன் ஆய்வுக்கூடமும் முகாமும் சேர்ந்து கற்பித்த மொழி. ப்ராக் நகரத்துச் சட்டப் பட்டதாரி எழுதிய சுத்தமான, நிறமற்ற ஜெர்மன் வேறு வகை. இருந்தாலும் உத்தரவு, கைது, விசாரணை, காவலர் போன்ற சொற்கள் இரண்டுக்கும் பொதுவானவை. அகராதியைத் திறக்காமலேயே இந்தச் சொற்கள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நாவலின் தலைப்புச் சொல் ஜெர்மனில் வழக்கையும் குறிக்கும், செயல்முறையையும் குறிக்கும். இத்தாலியனிலும் அப்படியே. வேதியியலாளருக்கு அந்தச் சொல் அன்றாடம் புழங்குவது. கொதிகலனில் ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதும் அதே சொல்தான். க்ரியா வெளியிட்ட ஏ. வி. தனுஷ்கோடியின் தமிழாக்கம் 'விசாரணை' என்று பெயர் கொண்டது. விசாரணைக்கு அழைத்துப் போனார்கள் என்ற சொற்றொடரைக் கேட்டால் நமக்கு என்னென்ன நினைவுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்ச் சொல்லில் அந்தச் செயல்முறைப் பொருள் போய், காவல் நிலையத்தின் வாடை சேர்கிறது. இழப்பும் உண்டு, வரவும் உண்டு.

*

நாவலின் கதை எளிது. யோசெஃப் கே. என்ற வங்கி அதிகாரி தன் 30ஆவது பிறந்தநாள் காலையில் படுக்கையில் இருக்கும்போதே கைது செய்யப்படுகிறான். என்ன குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. வேலைக்குப் போகலாம், வரலாம். ஆனால் அவன் மேல் வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. நீதிமன்றம் ஏழைகள் குடியிருக்கும் கட்டடங்களின் பரண் அறைகளில் இயங்குகிறது. கைது செய்ய வந்த காவலர்கள் அவனுடைய உள்ளாடைகளுக்கு ஆசைப்படுகிறார்கள். வழக்கறிஞர், ஓவியர், சிறைப் பாதிரியார் என்று யாரைக் கேட்டாலும் அவர்களும் அந்த நீதிமன்றத்தைச் சேர்ந்தவர்களாகவே இருக்கிறார்கள். 31ஆவது பிறந்தநாளுக்கு முந்தின இரவில் இரண்டு பேர் வந்து அவனைக் கல்குவாரிக்கு அழைத்துப்போய்க் கொல்கிறார்கள்.

லேவி கைதானதும் விடியற்காலையில், தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டுத்தான். 1943 டிசம்பர் 13, ஆவோஸ்தா பள்ளத்தாக்கின் அமாய் என்ற மலையூர். அனுபவமில்லாத இளைஞர்கள் சேர்ந்த சிறிய கெரில்லாக் குழு அது, பாசிசப் படையினர் அதைச் சுற்றி வளைத்தார்கள். இந்த ஒற்றுமையைப் பெரிதாக்க வேண்டாம். அதைவிட முக்கியமானது, கைதாவதற்கு நான்கு நாள் முன்பு நடந்தது. அந்தக் குழு தன்னைச் சேர்ந்த இரண்டு இளைஞர்களுக்கு மரண தண்டனை விதித்து நிறைவேற்றியது. 1975இல் வெளிவந்த 'தனிம அட்டவணை' நூலில் லேவி அதைச் சில வரிகளில் மட்டும் எழுதினார். மனச்சாட்சியின் கட்டளை என்று செய்த அந்தக் காரியம் தங்களை உடைத்துப் போட்டதாகவும், எல்லாம் முடிந்தால் போதும் என்றாக்கியதாகவும் சொன்னார். 2013இல் வரலாற்றாசிரியர் செர்ஜோ லுத்சாத்தோ இதை விரிவாக எழுதியபோது இத்தாலியில் பெரிய விவாதம் எழுந்தது. லேவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைக் குறிப்பிடவில்லை. 'விசாரணை'யை மொழிபெயர்க்கும்போது தன்னையே விசாரித்ததாக, கே. தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்வதைப் போலத் தானும் குற்றம் சாட்டிக்கொண்டதாக அவர் சொன்னார். அது வெறும் அடக்கப் பேச்சு இல்லை என்பதற்காகக் குறிப்பிடுகிறேன். அநியாயமாகக் கைதானவனின் நெஞ்சில் தீர்ப்பு எழுதியவர்களின் பக்கத்தில் நின்ற நினைவும் இருந்தது.

நாவலில் ஒரு காட்சி இருக்கிறது. கே. பணிபுரியும் வங்கியில் தட்டுமுட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் ஓர் அறை. உள்ளேயிருந்து முனகல் கேட்டுக் கதவைத் திறக்கிறான். தன்னைக் கைது செய்த இரண்டு காவலர்களை ஒருவன் பிரம்பால் அடிக்கத் தயாராக நிற்கிறான். கே. அவர்களைப் பற்றிப் புகார் சொன்னதற்கான தண்டனை அது. கே. பணம் கொடுத்து நிறுத்தப் பார்க்கிறான், முடியவில்லை. அடி விழுகிறது. அலறல் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். கே. கதவைச் சாத்திவிட்டு, நாய் குரைத்தது என்று சொல்லிவிடுகிறான். மறுநாள் அதே கதவைத் திறக்கிறான். அதே மெழுகுவத்தி, அதே பிரம்பு, அதே இரண்டு பேர். நேற்று நடந்தது இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

உளக்காயம் காலத்தை என்ன செய்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பக்கம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவக் கையேட்டின் மொழியில் இதற்குத் திரும்பத் திரும்ப வரும் ஊடுருவல் நினைவு என்று பெயர். காஃப்கா ஒரு கதவை மட்டும் வைக்கிறார். சாதாரண வாசகர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடந்துபோகலாம். மொழிபெயர்ப்பாளரால் முடியாது. பிரம்புக்கு ஒரு சொல், அலறலுக்கு ஒரு சொல், சாத்தப்படும் கதவுக்கு ஒரு சொல் என்று ஒவ்வொன்றாக நின்று தேட வேண்டும். வாசிப்பது வேறு, மொழிபெயர்ப்பது வேறு என்பதை லேவி அழுத்திச் சொன்னார். மொழிபெயர்க்கும்போது புத்தகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறோம், அதன் தசைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறோம் என்ற பொருளில் பேசினார். கே. போல அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போகும் உரிமை அவருக்கு இல்லை.

*

லேவிக்கும் காஃப்காவுக்கும் இடையில் இருந்தது ரசனை வேறுபாடு என்று சொல்லிவிட முடியாத ஒன்று. 1976இல் லேவி இருண்ட, புரியாத எழுத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். எழுதுகிறவன் புரியும்படி எழுதக் கடமைப்பட்டவன் என்பது அவருடைய கட்சி. அதில் கவிஞர் பாவுல் செலானையும் குறை சொன்னார். செலானும் பெற்றோரை நாஜிகளிடம் இழந்து, கட்டாய உழைப்பு முகாமில் இருந்து தப்பியவர். ஒரு தப்பிப்பிழைத்தவர் இன்னொருவரின் மொழியைக் கண்டிக்கிறார் என்பது படிக்கும்போது வலிக்கிறது. கண்டித்தவருக்கும் அது எளிதாக இருந்திருக்காது. 1981இல் தன்னை உருவாக்கிய 30 நூல்களிலிருந்து பகுதிகளைத் தொகுத்து லேவி ஒரு நூல் வெளியிட்டபோது, செலானின் மரணப் பாடலுக்கு அதில் இடம் கொடுத்தார். யோபுவின் கதையில் தொடங்கி, விண்வெளியின் கருந்துளைகளில் முடியும் தொகுப்பு அது. காஃப்காவுக்கு அதில் இடம் இல்லை.

தன் எழுத்தை அவர் ஒரு வடிகட்டிப் பம்புக்கு ஒப்பிட்டார். கலங்கிய தண்ணீரை உறிஞ்சித் தெளிந்த தண்ணீராக வெளியே விடும் கருவி. அப்படி வடிகட்டியதில் கிருமியோடு உயிர்ச்சத்தும் போயிருக்கலாம் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். காஃப்கா எதிர்த்திசையில் போகிறவர். ஆழத்தில் ஊறுவதை வடிகட்டாமல் அப்படியே ஊற்றுகிறார், வாசகருக்கு அதில் நெளியும் உயிர்கள் தெரிகின்றன. பெயின்ட் தொழிற்சாலையில் வாழ்நாளைக் கழித்த வேதியியலாளர் தேர்ந்த உவமை இது, மிகச் சரியானது.

இந்த இடத்தில் இருவரையும் சேர்த்து ஒரு சிறு செய்தி. காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். மரம் இழைக்கும் இயந்திரத்தில் கைவிரல்கள் துண்டாவதைத் தடுப்பது எப்படி என்று படங்களோடு அறிக்கை எழுதினார். தெளிவான, பயனுள்ள அறிக்கை. அவருடைய குடும்பம் ப்ராகில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையும் நடத்தியது. லேவி பட்டம் பெற்றதும் பார்த்த முதல் வேலை பாலஞ்ஜெரோ ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில்தான். கழிவுப் பாறையிலிருந்து நிக்கல் பிரிக்கும் வழி தேடினார். இருவருமே தொழிற்சாலை அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள். ஒருவர் அந்த மொழியைக் கொண்டே வதைமுகாமை விளங்கவைத்தார். மற்றவர் அதே வறண்ட மொழியில், விளங்காத ஒன்றை விளங்காததாகவே வைத்துவிட்டார். லேவியைக் கலங்கடித்தது இதுதான் என்று நினைக்கிறேன். காஃப்காவின் இருள் செலானின் இருளைப் போன்றது இல்லை. வாக்கியத்தில் குழப்பம் கிடையாது. ஒவ்வொரு வரியும் வெயிலில் நிற்கிறது. தெளிவாக எழுதினால் இருள் விலகும் என்று நாற்பது ஆண்டுகள் நம்பியவருக்கு முன்னால், தெளிவாக எழுதியும் விலகாத இருள் வந்து நின்றது.

அவர் தற்காத்துக்கொண்டார். சொற்படி பெயர்ப்பதற்கும் மெருகிட்டுப் பெயர்ப்பதற்கும் நடுவில் ஒரு வழியில் போனதாகச் சொன்னார். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், காஃப்கா வேண்டுமென்றே திருப்பிச் சொல்லும் சொற்களை லேவி மாற்றி மாற்றிப் போட்டிருப்பதையும், பின்னிக்கிடக்கும் வாக்கியங்களை அவிழ்த்திருப்பதையும் காட்டியிருக்கிறார்கள். தூரின் நகரத்திலேயே 1933இல் ஆல்பெர்த்தோ ஸ்பாயினி செய்த முதல் இத்தாலிய மொழிபெயர்ப்பு வந்திருந்தது. புதிதாக ஒன்று வேண்டியிருந்தது மூலத்துக்கு இன்னும் நெருங்கத்தான் என்று கொண்டால், லேவி சில இடங்களில் விலகியிருக்கிறார். மொழிபெயர்ப்பு நெறிப்படி இது குறை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விலகல்கள் ஒரு வாசகரின் கைரேகைகள். எங்கெல்லாம் வடிகட்டி வேலை செய்திருக்கிறதோ அங்கெல்லாம் மூலம் சுட்டிருக்கிறது.

*

கடைசி வரியில் வடிகட்டி நின்றுவிட்டது. கே. கத்தி செருகப்பட்டுச் சாகும்போது, தன் சாவு ஒரு நாயின் சாவு என்று சொல்லிக்கொள்கிறான். அவன் செத்த பிறகும் வெட்கம் மட்டும் பிழைத்திருக்கும் என்று தோன்றும்படி நாவல் முடிகிறது. எத்தனையோ அறிஞர்கள் இதற்கு உரை எழுதியிருக்கிறார்கள். கடவுளின் நீதி முன்னால் மனிதன் கூனிக்குறுகுவது என்றார்கள் சிலர். தந்தையின் முன்னால் மகனின் குறுகல் என்றார்கள் வேறு சிலர். லேவி தன் குறிப்பில் நேராக ஒரு கேள்வி கேட்கிறார்: இவன் எதற்காக வெட்கப்படுகிறான்? கே. பல சின்ன விஷயங்களுக்காக வெட்கப்படுகிறவன், ஒன்றுக்கொன்று முரண்பட்ட விஷயங்களுக்காக. அதெல்லாம் உண்டுதான். ஆனால் கடைசியில் அவன் வெட்கப்படுவது, இப்படி ஒரு மறைவான, அழுகிய நீதிமன்றம் இருக்கிறதே என்பதற்காக. அது தெய்வத்தின் நீதிமன்றம் இல்லை. மனிதர்கள் மனிதர்களைக் கொண்டு நடத்துவது. பாதிரியாரும் அதில் உண்டு, ஓவியரின் படிக்கட்டில் மொய்க்கும் சிறுமிகளும் உண்டு. கத்தி நெஞ்சில் இறங்கிய நிலையில், தானும் ஒரு மனிதனாக இருப்பதற்காகக் கே. வெட்கப்படுகிறான். லேவியின் விளக்கம் இவ்வளவுதான்.

இதை லேவி காஃப்காவிடமிருந்து கற்கவில்லை, காஃப்காவிடம் கொண்டுவந்தார். 1963இல் வெளிவந்த அவருடைய இரண்டாவது நூலின் தொடக்கத்தில் 1945 ஜனவரி 27 வருகிறது. நான்கு இளம் ரஷ்யச் சிப்பாய்கள் குதிரைகளில் வந்து முகாமின் முள்வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். சிரிக்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை. பிணங்களையும் பிணம் போன்றவர்களையும் பார்த்து வாயடைத்து நிற்கிறார்கள். அவர்கள் முகத்தில் லேவி கண்டது வெட்கம். கைதிகளுக்குப் பழக்கமான வெட்கம், குற்றம் செய்தவர்கள் அறியாத வெட்கம். வேறொருவன் செய்த குற்றத்துக்காக, அப்படி ஒரு குற்றம் உலகில் நுழைந்துவிட்டதே என்பதற்காக, நியாயமான மனிதன் படும் வெட்கம்.

வெட்கம் என்று எழுதும்போது தமிழில் ஒரு தடுமாற்றம் வருகிறது. வெட்கம் கன்னம் சிவப்பதற்கும் ஆகும். கூச்சம் இன்னும் மெல்லியது. அவமானம் பிறர் நமக்குச் செய்வது. குற்றவுணர்வு அண்மையில் செய்துகொண்ட சொல், அதில் தவறு நம்முடையதாக இருக்க வேண்டும். லேவி சொல்வதற்கு மிக அருகில் இருப்பது பழைய நாண். திருக்குறளின் நாணுடைமை அதிகாரம், தன் பழிக்கு மட்டுமல்லாமல் பிறர் பழிக்கும் நாணுகிறவரையே நாணின் உறைவிடமாகக் காட்டுகிறது. பல நூற்றாண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகளில், ஒரே உணர்வுக்கு ஒரே எல்லை வரையப்பட்டிருக்கிறது. இன்றைய பேச்சில் அந்தச் சொல் தேய்ந்து பெண்களுக்கான அணிகலனாகிவிட்டது நம் இழப்பு.

1963இன் வெட்கம் பிறர் குற்றத்துக்கானது. 1983இல் கே. பற்றி எழுதும்போது லேவி இரண்டு வெட்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்: தன் சொந்தச் சில்லறைத் தவறுகளுக்கான வெட்கம், மனித குலத்துக்கான வெட்கம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1986இல், முகாம் அனுபவத்தைப் பற்றிய அவருடைய கடைசி நூல் வந்தது. அதன் ஓர் இயலுக்கு வெட்கம் என்றே பெயர். அங்கே அந்த ரஷ்யச் சிப்பாய்களின் பக்கத்தைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, 1963இன் நூலில் இல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். தான் செய்யாமல் விட்டதற்கான வெட்கம். காஃப்காவின் நாவல்தான் இந்த வாயிலைத் திறந்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் வரிசை கண்முன்னால் இருக்கிறது. 1963க்கும் 1986க்கும் நடுவில் அவர் மாதக்கணக்கில் அந்தக் கடைசி வரியோடு இருந்தார்.

*

காஃப்கா முகாம்களை முன்கூட்டியே கண்ட தீர்க்கதரிசி என்று சொல்வது போருக்குப் பிறகு வழக்கமாயிற்று. லேவி அதைவிட அடக்கமாகப் பேசினார். நிலநடுக்கம் வருவதைப் பாம்புகள் உணர்வது போன்ற ஒரு விலங்குணர்வு அவருக்கு இருந்தது என்றார். அதுவே போதும். நாவலின் ஊற்று மிகவும் தனிப்பட்டது. 1914 ஜூலையில் பெர்லின் விடுதி ஒன்றில், காஃப்காவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ஃபெலிஸ் பவுவரின் தரப்பினர் அவரை எதிரே உட்காரவைத்துப் பேசி நிச்சயதார்த்தத்தை முறித்தார்கள். அதைக் காஃப்கா தன் நாட்குறிப்பில் நீதிமன்றம் என்றே குறித்தார். அந்த மாதக் கடைசியில் முதல் உலகப் போர் தொடங்கியது, அடுத்த மாதம் நாவலும் தொடங்கியது. அவர் 1924இல் காசநோயில் இறந்தார். நாவலை நண்பர் மாக்ஸ் ப்ரோட் 1925இல் வெளியிட்டார்.

தீர்க்கதரிசனம் இல்லாவிட்டாலும், நடந்தது நடந்ததுதான். காஃப்காவின் மூன்று தங்கைகளும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். எல்லியும் வல்லியும் 1941இல் வூட்ஜ் நகரத்து யூதர் சேரிக்கு அனுப்பப்பட்டவர்கள், திரும்பவில்லை. கடைக்குட்டி ஓட்லா, தெரேசியன்ஷ்டாட் முகாமில் இருந்தபோது, பியாலிஸ்டாக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளுக்குத் துணையாகத் தானே முன்வந்து ரயிலேறினார். 1943 அக்டோபரில் அந்த ரயில் ஆஷ்விட்ஸில் நின்றது. லேவியின் ரயில் அங்கே வந்தது அடுத்த பிப்ரவரியில். 'விசாரணை'யை மொழிபெயர்த்தவர், அதை எழுதியவரின் தங்கை கடைசியாகக் கண்ட இடத்தைக் கண்டவர். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1987 ஏப்ரல் 11 அன்று லேவி தன் வீட்டுப் படிக்கட்டுச் சுழலில் விழுந்து இறந்தார். காஃப்காவை மொழிபெயர்த்ததையும் இந்த மரணத்தையும் ஒரு நூலில் கோக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான்கு ஆண்டுகள், மானிடவியலாளர் லேவி-ஸ்ட்ராஸின் இரண்டு நூல்களின் மொழிபெயர்ப்பு, லேவியின் சொந்த நூல்களிலேயே கூர்மையான ஒன்று இருக்கின்றன. துன்பப்பட்டவர் எழுதிய, படித்த எல்லாவற்றையும் அவருடைய சாவுக்கான தடயமாகப் படிப்பது, அவருடைய அறிவை அவரிடமிருந்து பறிப்பது. முகாமிலிருந்து தப்பியவர்களின் மனத்தை விளக்க உளப்பகுப்பாய்வாளர்கள் முன்வந்த வேகத்தை லேவியே கசப்போடு மறுத்திருக்கிறார். அவர்களுடைய அறிவு முள்வேலிக்கு வெளியே உருவானது என்றார்.

காஃப்கா நாவலின் ஜெர்மன் மூலத்தில் கடைசிச் சொல் ஒரு வினைச்சொல். ஒருவருக்குப் பின்னும் உயிரோடிருப்பது, ஆபத்திலிருந்து பிழைப்பது, இரண்டுக்கும் அது ஒன்றே. வதைமுகாம்களிலிருந்து திரும்பியவர்களை ஜெர்மானியர்கள் குறிப்பிடுவது இந்த வினையிலிருந்து வந்த பெயரால்தான். பெயின்ட் தொழிற்சாலையின் கலவைகளைப் போலச் சொற்களின் கலவையையும் அளவு பார்த்துப் பழகிய லேவி அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். முழு நாவலையும் மொழிபெயர்த்து முடித்து, கடைசிச் சொல்லுக்கு வரும்போது, அங்கே தன் பெயர் எழுதியிருக்கிறது. ஆனால் பிழைத்திருப்பது மனிதன் இல்லை.

1986இன் அந்த இயலில் அவர் சொன்ன சம்பவம் 1944 ஆகஸ்டில் நடந்தது. கடும் வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை. குண்டுவீச்சில் இடிந்த ஒரு நிலவறையில் இடிபாட்டை அகற்றும் வேலை. சுவரோரம் தரைக்குச் சற்று மேலே இரண்டு அங்குலக் குழாய் ஒன்று லேவியின் கண்ணில் பட்டது. முனையில் ஒரு திருகு. திருகினால் துளித்துளியாகத் தண்ணீர். மிஞ்சிப்போனால் ஒரு லிட்டர் இருக்கும். யாருக்கும் சொல்லாமல், நண்பர் ஆல்பெர்த்தோவை மட்டும் கூப்பிட்டார். இருவரும் தரையில் படுத்து, மாறி மாறி, குழாயில் வாய் வைத்துக் குடித்தார்கள். அணிவகுத்து முகாமுக்குத் திரும்பும்போது, சிமென்ட் தூசி படிந்து உதடு வெடித்த சக கைதி தானியேலே பக்கத்தில் நடந்து வந்தார். அவர் பார்த்திருந்தார், புரிந்துகொண்டிருந்தார். விடுதலைக்குப் பல மாதங்கள் கழித்து, பெலாரஸில், அவர் கேட்டார்: நீங்கள் இருவர் மட்டும் ஏன், நான் ஏன் இல்லை?

பிறகும் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள், அன்பாகவே. கொடுக்காமல் விட்ட அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் அது இருவருக்கும் நடுவில் இருந்தது. லேவி இதை எழுதியபோது தானியேலே உயிரோடு இல்லை.